அம்சாவின் காலடி மண்

1.

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் நிஜம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கைக்காரி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “என் காலடி மண்ண எடுத்தே அவனுக்குச் சுத்திப் போட்டாங்கன்னா பாத்துக்கோயேன்.” மிச்சத்தைக் கேட்பதற்குள் இருவரும் இறங்கிப் போய்விட்டார்கள். எவனுக்கு, எதற்கு, ஒன்றும் தெரியாது.

அதே வாரம் நண்பர் இருதயராஜ் வந்தார். பள்ளி ஆசிரியர். வெளிநாட்டு வேலை மோசடி பற்றி ஒரு விழிப்புணர்வுச் சிறுநூல் போடுகிறாராம், கதை வேண்டுமாம். கடைசியில் பாடம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இன்னொரு எழுத்தாளர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார் என்றும், “பாடம் பளிச்சுனு இருக்கு சார்” என்றும் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆகவே இது நல்லெண்ணத்தில் தொடங்கிய கதை இல்லை.

2.

முதல் தொடக்கம்: “வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடும் இந்நாளில், திண்டிவனத்தை அடுத்த சிற்றூரில் கோபி என்றோர் இளைஞன்” (போதும். இந்த நடையில் அந்த இன்னொருவர்தான் எழுதுவார்.)

இரண்டாவது: “கோபி விமானத்தைப் பார்த்ததே இல்லை.” பொய். மல்லாட்டை (வேர்க்கடலை) போட்ட கொல்லைக்கு மேலே தினமும்தான் போகிறது.

மூன்றாவது: அம்சாவுக்கு வயிறு எரிந்தது.

இது நிற்கும். இங்கிருந்து போகலாம்.

3.

அம்சா அந்த வீட்டின் மூத்த மருமகள். கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் வீடு. ஒரே வாசல், இரண்டு அடுப்பு. அவள் கணவன் குமரேசன் எலக்ட்ரீஷியன். கொழுந்தன் கோபி திண்டிவனத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். கோபியின் மனைவி சங்கவி.

அம்சாவின் பொறாமை ஊரறிந்தது. சங்கவி ஸ்கூட்டி வாங்கியபோது, “இந்த கலரு ஜல்தியா வெளுத்துடுமே” என்றாள். சங்கவிக்குப் பையன் பிறந்தபோது மூக்கு யாரைப் போல என்று ஆராய்ந்தாள். (இவளை வாசகருக்குப் பிடிக்க வைக்க வேண்டுமே என்று ஒரு நல்ல குணம் தேடினேன். ரசம் நன்றாக வைப்பாள் என்று எழுதி அடித்துவிட்டேன். பிடிக்காமலே இருக்கட்டும்.)

குமரேசனும் வெளிநாடு போகத்தான் முயல்கிறான். அரசுப் பதிவு பெற்ற முகவர், சென்னையில் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தம் என்று எல்லாம் முறைப்படி நடக்கிறது. முறைப்படி நடப்பதால் நகரவே இல்லை. மாமியார் லட்சுமியம்மாள் மூத்தவனைப் பார்க்கும்போதெல்லாம், “இவன் பைலத் தூக்கிக்கினு அலையறதுக்கே பொறந்தவன்” என்பாள். அம்சாவுக்கு அது நெஞ்சில் தைக்கும்.

4.

அன்று காலை கோபி திருவாமாத்தூர் கோயிலுக்குப் போவதாக வீட்டில் பேச்சு. அம்சா குழாயடியில் பாத்திரம் கழுவிவிட்டு எழுந்து நடந்தாள். ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தால், மாமியார் குனிந்து, அவளுடைய ஈரக் காலடியிலிருந்து மண்ணைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் மிளகாயும் உப்பும்.

எவள் கண் பட்டுவிடும் என்று பயமோ, அவள் காலடி மண்ணை எடுத்துத்தான் சுற்றிப் போடுவார்கள். கோயிலுக்குப் போகிறவனுக்கு யாரும் சுற்றிப் போட மாட்டார்கள். மிளகாய் அடுப்பில் விழுந்தது. நெடியே வரவில்லை. “பாத்தியா, எத்தினி கண்ணு!” என்று மாமியார் உள்ளே சொல்வது அம்சா காதில் விழுந்தது. பிறகு கோபி ஒரு பெரிய சக்கரப் பெட்டியோடு ஷேர் ஆட்டோ ஏறினான்.

(அவமானம் என்று ஒரு பத்தி எழுதினேன், எடுத்துவிட்டேன். அம்சாவுக்கு அவமானம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ‘எங்கே போறான்?’ என்கிற கேள்வி.)

5.

“இன்னாடி, கோயிலுக்குப் போறவன் பொட்டியோட போறான்?”

சங்கவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஓரகத்தியிடம் சொல்ல முடியாத பெருமை என்ன பெருமை?

“தாய்லாந்துக்கா. கம்ப்யூட்டர்ல டேட்டா என்ட்ரி. பிளேன் ஏறுற வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்க, கண்ணு பட்டுடும்னு ஏஜெண்டே சொன்னாரு.”

ஊர் வழக்கம் அந்த ஏஜெண்டுக்கு எவ்வளவு வசதி பாருங்கள். ஊமையாக இருங்கள் என்று அவன் கெஞ்ச வேண்டியதில்லை. கண்ணு என்று ஒரு வார்த்தை போதும், குடும்பமே வாயைப் பூட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்தவர் யாரும் கேள்வி கேட்க வழியில்லை.

சங்கவி போனில் விசாவைக் காட்டினாள். காட்டியது எரிச்சலூட்ட. அம்சா வாங்கி, பெரிதாக்கி, ஓட்டை தேடினாள்.

“இது டூரிஸ்ட் விசாவாச்சே.”

“அங்க போனதும் வேலை விசாவா மாத்திடுவாங்களாம்.”

“ஏஜெண்டு ஆபீஸ் எங்க கீது?”

“ஆபீஸ்லாம் இல்லக்கா. போன்லதான்.”*

அம்சா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் பக்கம் வந்துவிட்டாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை நான் மழுப்பப் போவதில்லை. வயிறு குளிர்ந்துபோனது. போய்விட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவான், மாமியார் எந்த மண்ணை எடுக்கிறாள் பார்ப்போம் என்று நினைத்தாள்.

* இருதயராஜுக்காக இந்த அடிக்குறிப்பு: முகவர் பதிவு பெற்றவரா என்று அரசின் இணையதளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. பாடம் முடிந்தது; இனி என்னைக் கதை எழுத விடுங்கள்.

6.

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) அம்சா சொல்கிறாள், எல்லோரும் நம்புகிறார்கள், மாமியார் கட்டிப்பிடித்து அழுகிறாள். (இருதயராஜுக்குப் பிடிக்கும். இப்படி ஒரு மாமியாரை எனக்குத் தெரியாது.)

ஆ) அம்சா சொல்லவில்லை. கோபியிடமிருந்து போன் வருவது நின்றுபோகிறது. அம்சா மட்டும்

(முடிக்க முடியவில்லை.)

இ) இதுதான். சென்னையில் குமரேசனோடு அரசு அலுவலக வரிசையில் நின்றபோது, மகனை மீட்க மனுவோடு பக்கத்தில் நின்ற சவுரியம்மாள் என்ற பெண்ணை அம்சா நினைத்துக்கொண்டாள். அவள் மகனும் இப்படித்தான் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். போன இடத்தில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஒரு கட்டடத்தில் அடைத்து, போனில் ஊரை ஏமாற்றச் சொல்கிறார்கள். மாட்டேன் என்றால் அடி. “குரல் கூட அவன் குரலா இல்லம்மா” என்றாள் சவுரியம்மாள்.

அம்சாவின் சந்தோஷம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி வந்தால்தானே மூஞ்சியைப் பார்ப்பதற்கு?

அவள் திருந்திவிட்டாள் என்று எழுத மாட்டேன். பொறாமைப்படவும் எதிரே ஆள் வேண்டும். கோபி அடுத்த அடுப்பில் சோறு தின்றுகொண்டு இருக்க வேண்டும். எழுந்து ஓடினாள்.

7.

“சங்கவி, அவன மெட்ராஸ் பஸ் ஏற வாணாம்னு சொல்லு.” சவுரியம்மாள் மகன் கதையை மூச்சிரைக்கச் சொன்னாள்.

“இதுக்குத்தான்கா உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க.” சங்கவிக்குக் கண் கலங்கிவிட்டது. “உனக்கு வயித்தெரிச்சல்.”

“ஆமாண்டி, எரியுது. உன்னைப் பாத்தாலே எரியுது. அதுக்கு இன்னா இப்ப? இது டூரிஸ்ட் விசா.”

சங்கவி அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. இதே வேலை குமரேசன் மாமாவுக்கு வந்திருந்தா நீ இதெல்லாம் நோண்டிப் பாத்திருப்பியா?”

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்தி ஒரு டீ குடித்தேன். பொய் சொன்னால் அம்சா தப்பிக்கலாம். நானும்தான்.)

“பாத்திருக்க மாட்டேன்” என்றாள் அம்சா. “சாமி படத்துக்கிட்ட வெச்சுக் கும்பிட்டிருப்பேன். உன் வூட்டுக்கு வந்ததுன்றதாலதான் பாத்தேன். எதுனா கோளாறு இருக்கணும்னு வேண்டிக்கினு பாத்தேன். இருந்துது. நீ பாக்கல, அத்தை பாக்கல, அவன் நல்லா இருக்கணும்னு நெனச்சவங்க ஒருத்தரும் பாக்கலடி.”

சங்கவியின் போன் அடித்தது. கோபி.

“பஸ்ஸு வந்துடுச்சு. ஏறட்டுமா?”

சங்கவி போனைக் காதில் வைத்தபடி அம்சாவைப் பார்த்தாள்.

8.

சங்கவியின் பதிலை நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எழுதுங்கள். ஆனால் நல்ல முடிவாக இருக்கட்டும் என்று எழுத வேண்டாம். உங்களுக்கு ஆகவே ஆகாத ஒருவர் இருப்பார் இல்லையா, பங்காளியோ, ஓரகத்தியோ, பக்கத்து வீட்டாரோ? அவர் உங்கள் வாசலில் வந்து நின்று இதையே சொன்னால் உங்கள் வாயில் என்ன வருமோ, அதை எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். கோபி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான்.