அத்தானின் வண்டி எண்

கேமராவுக்குப் படிக்க வராத எண்களைப் படிப்பதுதான் அவள் வேலை. சேறு அப்பியது, வளைந்தது, பாதி மறைந்தது என்று நாளெல்லாம் நம்பர் பிளேட் படங்கள் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் அவள் திரைக்கு வரும். பார்த்து எண்ணைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவாள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு ஒரு பாலத்துக் கேமராவிலிருந்து வந்த படத்தில் விரல் நின்றுவிட்டது. அத்தானின் கார்.

அத்தான் இறந்து இரண்டு வருஷம். கார் அக்கா வீட்டு வாசலில் உறை போட்டு நிற்கிறது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது.

வராந்தாவுக்குப் போய் போன் போட்டாள்.

“அக்கா, வண்டி எங்க?”

“எங்க போகும்? வாசல்லதான் நிக்குது. கை வேலையா இருக்கேன், வச்சிடறேன்.”

பின்னணியில் லாரி ஹாரன் கேட்டது. அக்கா வீடு இருப்பது முட்டுச் சந்தில்.

புகார் இல்லாமல் எந்த எண்ணையும் தேடக் கூடாது என்பது அங்கே விதி. அன்று மீறினாள். ஒரு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் அதே பாலம், அதே நேரம். ஓட்டுபவர் முகம் கண்ணாடியில் பட்ட வெயிலில் தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு ஆள். எல்லாப் படத்திலும் அதே ஆள். யார் அவன்? அக்காவை மிரட்டி வைத்திருக்கிறானா? உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் திரை இழுத்தது. மறுபடி மறுபடி தேடினாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பாலத்தடி சிக்னலில் போய் நின்றாள். கார் ஆமையாய் ஊர்ந்து வந்து, சிவப்பு விளக்கில் குலுங்கி நின்றது. ஓட்டி வந்தது அக்கா. பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், உயிரைக் கையில் பிடித்தபடி.

கண்ணாடியைத் தட்டினாள். அக்கா இறக்கினாள்.

“சொன்னா, இந்த வயசுல உனக்கெதுக்குன்னு ஆளாளுக்கு ஆரம்பிப்பீங்க. அதான் சொல்லல. நீ எப்படி இங்க?”

“கேமராவுல பாத்தேன்.”

“பாத்தியா, தேடுனியா?”

“தேடினேன்.”

“உங்க அத்தான் சாவியைத் தொட விட்டதில்ல. இப்ப நீ, போற எடமெல்லாம் பின்னாலயே வர்ற.”

பச்சை விழுந்தது. வண்டி இரண்டு முறை அணைந்து, பிறகு போனது.

நேராக ஆபீசுக்குப் போய் சூப்பர்வைசரிடம் சொன்னாள்.

“எத்தனை தடவை தேடினே?”

“பதினொண்ணு.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “நீயா வந்து சொன்னே. அதனால வேலை தப்பிச்சுது.”

மறுநாளே தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவள் மேஜையில் திரை இல்லை.

அக்கா ஒரு மாதம் போனை எடுக்கவில்லை. லைசென்ஸ் கிடைத்த செய்தியே அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஹாரன் அடித்தது.

“ஏறு,” என்றாள் அக்கா. “எங்கன்னு கேக்காத.”

ஏறினாள். கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.