மைதிலி பார்த்த சென்னை

பால் சொசைட்டி வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டு, மெரினாவில் சுண்டல் எப்படி இருக்கும் என்று மைதிலி சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டாணி குழையாமல் வெந்திருக்கும், மாங்காயும் தேங்காயும் பொடிப்பொடியாக நறுக்கி மேலே தூவியிருப்பார்கள், காகிதப் பொட்டலத்தில் தருவார்கள், அடிக்கிற காற்றில் பாதி மணலில் கொட்டிவிடும் என்றாள். சொல்லும்போது அவள் விரல்கள் தாமாகக் குவிந்து பொட்டலத்தைப் பிடித்தன. வரிசையில் நின்ற பெண்களுக்கு எச்சில் ஊறியது. அந்தச் சுண்டலை அவள் தின்றதே இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால், மல்லசமுத்திரத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அவள் கணவன் குருமூர்த்தி தறிப்பட்டறை வைத்திருக்கிறான். கல்யாணமாகி ஆறேழு வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்காததால் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ போனால் வரிசையில் பங்காளி எவனாவது உட்கார்ந்திருப்பான். எனவே சென்னை. வீட்டில் சும்மா ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். மைதிலி பார்த்த சென்னை என்பது ஒரு நீளமான கூடமும், டோக்கன் எண் மாறுகிற சிவப்புப் பலகையும், ஒரு மீன் தொட்டியும்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகளும் அவற்றின் மேல் புறாக்களும் தெரியும். அவளிடம் ஒரு குறையும் இல்லை, இவர் பக்கம்தான் குறை, அதுவும் பெரிய குறை என்று டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் உளுந்தூர்பேட்டை தாண்டியதும் குருமூர்த்தி அவள் பக்கம் திரும்பினான். பிறகு அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“இது வெளிய தெரிஞ்சா என்னைய உசுரோட பாக்க மாட்ட அம்மிணி. என்ர மேல ஆணையாச் சொல்லு, யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு.”

அவள் சொன்னாள். அப்போது அவன்மேல் அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

ஊருக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வரக்கூடாது. சென்னையில் அந்த நினைப்பே இல்லாமல் போனதால் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் ஜாங்கிரி வாங்கினார்கள். அட்டைப் பெட்டியில் சேலத்துக் கடையின் பெயர் இருந்தது. பஸ்ஸிலேயே எல்லாவற்றையும் ஒரு வெள்ளைப் பையில் கொட்டிக்கொண்டு, பெட்டியை ஜன்னல் வழியாக எறிந்தான் குருமூர்த்தி. மறுநாள் தெருவில் எல்லோரும் தின்றுவிட்டு, சென்னை ஜாங்கிரியின் ருசியே தனி என்றார்கள். கூடவே என்ன பார்த்தாய், என்ன சாப்பிட்டாய் என்று மொய்த்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் அவள் போனில் தேட ஆரம்பித்தாள். தொப்பி போட்ட பையன் ஒருவன் வீடியோவில் சென்னையைத் தெருத்தெருவாகச் சுற்றிக் காட்டுவான். அவன் தின்றதையெல்லாம் தான் தின்றதாகச் சொன்னாள். வைத்தியத்துக்கு மறுபடி மறுபடி போகவேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் புது இடம் சொல்லியாக வேண்டுமே.

வினை என்னவென்றால், ஊர் வேறு மாதிரி கணக்குப் போட்டது. பிள்ளையா குட்டியா, பிக்கல் பிடுங்கல் இல்லாதவள், மாசாமாசம் ஊர் சுற்றுகிறாள் என்றார்கள். வளைகாப்பு வீடுகளில் அவள் வளையல் தட்டைத் தொடுவதற்கு முன்பே யாராவது வாங்கிக்கொள்வார்கள். யாருக்குக் குறை என்று சொந்தக்காரப் பெண்கள் ஜாடையாகக் கேட்டால், மாமியார் செல்லாயி பதில் சொல்ல மாட்டாள். பெருமூச்சு விட்டு மைதிலி இருக்கும் பக்கம் ஒரு தரம் பார்ப்பாள். அது போதும். மைதிலிக்கு அந்தப் பெருமூச்சைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே தீப்பிடித்த மாதிரி இருக்கும். ஆணையிட்ட நாக்கைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

எதிர்வீட்டு இலக்கியாதான் மகளிர் குழுவுக்குத் தலைவி. துருதுருவென்ற பெண். வருஷாவருஷம் குழுவோடு வேன் பிடித்துக் கோயிலுக்குப் போவது வழக்கம். இந்த வருஷம் சென்னை என்று அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். வழி காட்ட ஆள் வேண்டுமே என்று ஒருத்தி இழுத்ததற்கு, மைதிலி அக்கா இருக்கும்போது என்ன கவலை என்றாள். எல்லோரும் திரும்பி மைதிலியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உடம்பு சரியில்லை, பட்டறையில் ஆள் இல்லை என்று அவள் சொல்லிப் பார்த்ததெல்லாம் எடுபடவில்லை. வீட்டுக்கு வந்து குருமூர்த்தியிடம் என்னால் முடியாது என்றாள். அவன் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“போகலீன்னாத்தான் சந்தேகப்படுவாங்க. போயிட்டு வா.”

நானும் வருகிறேன் என்று செல்லாயியும் சேர்ந்துகொண்டாள். பிறகு தப்பிக்க ஏது வழி? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மைதிலி ராத்திரியெல்லாம் போனில் மேப்பைப் பார்த்துப் பாடம் செய்தாள்.

போன இடத்தில் எல்லாம் சரியாகவே நடந்தது. எழும்பூர் மியூசியத்தில் திமிங்கலத்தின் எலும்பை அவள் நேராகக் கூட்டிப்போய்க் காட்டினாள். ரங்கநாதன் தெருவில் எந்த முனையில் நுழைந்து எதில் வெளியே வரவேண்டும் என்று சொன்னாள். மெட்ரோ ரயிலில் ஏறும்போது மட்டும் டிக்கெட்டை எங்கே காட்டுவது என்று தெரியாமல் கதவுக்கு முன்னால் திணறி நின்றாள். இலக்கியா வாங்கிக் காட்டித் திறந்துவிட்டு, அக்காவுக்கு மறந்துபோச்சு என்று தானே காரணமும் சொல்லிக்கொண்டாள். பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸைத் தின்றபோது புளிப்பும் காரமும் மண்டைக்கு ஏறியது. எல்லோரும் ஆவென்று வாயை ஊதிக்கொள்ள, மைதிலி தினமும் தின்கிறவள் போல மென்று விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்ததைப் புகை என்றாள்.

மத்தியானம் வேன் ஒரு சிக்னலில் நின்றது. வலதுபக்கத் தெருவில் அந்த ஆஸ்பத்திரி. அந்த ஊரில் அவளுக்கு உண்மையாகவே தெரிந்த தெரு அது ஒன்றுதான். எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும், எந்தப் படியில் நிழல் விழும் என்று எல்லாம் தெரியும். இந்தத் தெரு எங்கே போகிறது என்று டிரைவர் கேட்டான். தெரியாது என்றாள். அக்காவுக்குத் தெரியாத தெருவும் இருக்கிறதா என்று பின்னால் யாரோ கேலி செய்தார்கள்.

வெயில் தாழ்ந்தபின் கடற்கரைக்கு வந்தார்கள். மணலில் கொஞ்ச தூரம் நடந்ததும் அது தெரிந்தது. போனில் பார்த்தது கையளவு. இதற்கு இந்தப் பக்கமும் முடிவில்லை, அந்தப் பக்கமும் முடிவில்லை. அம்மாடி என்று வாய் வரைக்கும் வந்ததை மைதிலி விழுங்கினாள். மற்றவர்கள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஐம்பது வயதுப் பொம்பளைகள்கூடக் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். அவளுக்கும் அப்படித்தான் ஓடவேண்டும் போலிருந்தது. பலதரம் பார்த்தவள் ஓடலாமா? செருப்புகளைப் பொறுக்கிக் குவித்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்கிறது என்று செல்லாயியும் உட்கார்ந்தாள்.

“நீயும் போயிப் பாரு சாமி. மொதத் தடவதான?”

மைதிலி மெல்லத் திரும்பினாள். “என்னங்கத்தை சொல்றீங்க?”

“ஊர் சுத்திப்போட்டு வாரவிய மூஞ்சியா அது. பஸ்ஸ உட்டு எறங்கயிலயே தெரிஞ்சுது, எங்க போயிட்டு வாரீங்கன்னு.” செல்லாயி கடலைப் பார்த்தே பேசினாள். “அவன் பத்தாவது படிக்கறப்பப் பொன்னுக்கு வீங்கி வந்துது. கீழயும் எறங்கி வீங்கிப்போச்சு. பின்னால கொழந்தைக்குச் செரமப்படும்னு டாக்டரு அப்பவே சொன்னாரு.”

அலைச் சத்தம் எங்கோ போய்விட்டது. வளைகாப்பு வீடுகள் ஒவ்வொன்றும், அந்தப் பெருமூச்சு ஒவ்வொன்றும் மைதிலியின் கண்முன் வரிசையாக வந்தன.

“தெரிஞ்சேதான் என்னையக் கட்டி வெச்சீங்களா?”

“செரியாப் போயிரும்னு நெனச்சேன்.” கிழவி முழங்காலைத் தடவிக்கொண்டாள். பிறகு, “அவன் ஆம்பளப் பையன், தாங்க மாட்டான். நீ தாங்கிக்குவ,” என்றாள். செருப்புக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்றாள். கடன் தீர்ந்தது போலிருந்தது அவள் குரல்.

மைதிலி எழுந்து நடந்தாள். தண்ணீர் வந்து காலைச் சுற்றிக்கொண்டது. திரும்பிப் போகும்போது பாதத்துக்கடியில் மணல் ஓடியது. இதையும் அவள் பால் சொசைட்டியில் சொல்லியிருக்கிறாள். ஆனால் விழுந்துவிடுவோம் போல இவ்வளவு பயமாக இருக்கும் என்று அந்தத் தொப்பிப் பையன் சொல்லவில்லை. அவள் இலக்கியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இலக்கியா, நான் கடலப் பாக்கறது இதாம் மொதத் தடவ. இந்த ஊர்ல நான் எதையுமே பாத்ததில்ல.”

இலக்கியா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அக்கா ரவுசப் பாருங்க. இன்னைக்குத்தான் மொதத் தடவையாமா.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா இவ்வளவு தமாஷாகப் பேசுவார்கள் என்று தெரியாதே என்றார்கள். பார்த்துச் சலித்தவர்கள்தானே, எங்களை ஒரு போட்டோ எடுங்கள் என்று இலக்கியா போனை அவள் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் நடுவில் நின்றாள். போனுக்குள் எல்லோரும் அடங்கவில்லை. பின்னால் போங்கக்கா, இன்னும் பின்னால் என்று கத்தினார்கள். மைதிலி பின்னால் போனாள். ஈர மணல் முடிந்து காய்ந்த மணல் வந்தது. குதிகாலில் செருப்புக் குவியல் இடித்தது. செல்லாயி அதை அவசரமாக மடிப்பக்கம் ஒதுக்கிக்கொண்டாள். கிழவி சிரிக்கவில்லை.

போனுக்குள் இப்போது எல்லோரும் தோளோடு தோள் சேர்த்து, இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் அலை எழும்பி வந்துகொண்டிருந்தது. மைதிலி எதுவும் சொல்லாமல், பட்டனையும் அமுக்காமல், அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.