குபுக்குவின் உடுமலை அம்மா

குபுக்கு படத்தில் அம்மாவை மட்டும் வரையாமல் விட்டிருந்தார்கள். படம் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊரிலிருந்து ஒரு பெண் திரைக்குள் போய் அந்த இடத்தில் நிற்க வேண்டும். உடுமலைக்குத் தமயந்தி தேர்வானாள்.

குபுக்கு ஒரு நீர்யானைக் குட்டி. பச்சை உடம்பு, மஞ்சள் மழைக்கோட்டு. பன்னிரண்டு வருடங்களாகத் தினமும் மாலை ஐந்தரைக்கு டிவியில் வந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப் பிள்ளைகளின் புத்தகப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் அதன் முகம்தான். இத்தனை வருடத்தில் அதற்கு அம்மா இருப்பதாக யாரும் காட்டியதில்லை. சினிமாவாக எடுத்தபோதுதான், வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும் குபுக்குவை அதன் அம்மா தேடிப் பிடிப்பதாகக் கதை எழுதினார்கள்.

தியேட்டர் மேனேஜர் அருணகிரி இஞ்ச் டேப்போடு வந்தபோது தமயந்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திரையில் வெள்ளையாக விட்டிருந்த இடத்தின் அளவு அவரிடம் இருந்தது. தரையில் விழுந்த அவள் நிழலை அளந்து பார்த்தார்.

"சரியா இருக்குதுங்க. வெள்ளிக்கிழமை காலைல வந்துருங்க. நாலு ஷோ, ஒரு வாரம்."

"என்ன சேலை கட்டோணுமுங்க?"

"எதுவானாலும் சரி. தண்ணியில நனையும். சாயம் போகாததாப் பாத்துக்குங்க."

தமயந்தி அந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கணவன் லோகநாதன் மின்வாரியத்தில் லைன்மேன். அவனுடைய முதல் மனைவி இறந்து நான்கு வருடம். மகள் மிதுனா மூன்றாம் வகுப்புப் படித்தாள். தமயந்தியிடம் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. எப்படிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை. அம்மா என்ற சொல்லை ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்திருந்தாள். சித்தி என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். அதற்கும் வாய் வரவில்லை. ஏதாவது தேவைப்பட்டால் பிரிட்ஜைப் பார்த்து, "பென்சில் தீந்துருச்சு" என்பாள். மறுநாள் பென்சில் இருக்கும்.

திரைக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. புது பெயிண்ட் வாசனை அடித்தது. குபுக்கு தமயந்தியின் இடுப்பளவுதான் இருந்தது. முதல் ஷோவிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் ஆத்துக்குப் போறேன்" என்றது. அதுதான் அதன் முதல் வசனம். படம் முடிவதற்குள் நாற்பத்தோரு தடவை அம்மா என்று கூப்பிட்டது. வெள்ளத்திலிருந்து மீட்டதும் தமயந்தி முந்தானையால் அதன் காதைத் துடைத்துவிட்டாள். கதையில் அப்படி எழுதியிருக்கவில்லை. ஈரத்தோடு விட அவளுக்கு மனசில்லை.

மிதுனா அப்பாவோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். அன்றிலிருந்து பிரிட்ஜிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். ஆனால் தினமும் படத்துக்கு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவில், இடைவேளை முடிந்து வெள்ளம் தொடங்கியபோது தமயந்தி திரைக்கு வெளியே பார்த்தாள். லோகநாதன் இரண்டு கையிலும் பாப்கார்னோடு மிதுனாவின் காலி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். குபுக்கு ஒரு மரக்கட்டையைப் பிடித்தபடி மிதந்து வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் இரு சாமி, இப்ப வந்தர்றேன்" என்றாள்.

"நானும் வர்றேன்" என்று குபுக்கு கட்டையை விட்டது.

வெள்ளம் இருந்த இடத்திலேயே நின்றது. ஜனங்கள் முறுக்கு தின்றபடி காத்திருந்தார்கள். இருவரும் திரையிலிருந்து இறங்கி, பக்கவாட்டுக் கதவு வழியாக வெயிலுக்குள் வந்தார்கள்.

மிதுனா சைக்கிள் ஸ்டாண்டில், யாருடைய ஸ்கூட்டர் மேலேயோ உட்கார்ந்திருந்தாள். தமயந்தி பக்கத்தில் போய் நின்றாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மிதுனா குபுக்குவைத்தான் பார்த்தாள்.

"இது மட்டும் எப்படிக் கூப்புடுது?"

"அதுக்கு எழுதிக் குடுத்துருக்காங்க கண்ணு. கூப்பிட்டுத்தான் ஆகோணும்."

குபுக்கு தலையாட்டியது.

"எனக்கு?"

"உனக்கு ஒண்ணும் எழுதல. நீ கூப்பிட்டாலும் வருவேன், கூப்பிடாட்டியும் வருவேன். இப்ப யாரு கூப்பிட்டு வந்தேன்?"

மிதுனா ஸ்கூட்டரின் கண்ணாடியைத் திருப்பினாள். மறுபடியும் பழையபடி வைத்தாள்.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா?"

தமயந்தி முந்தானையைப் பிழிந்தாள். "எனக்கு அவங்களத் தெரியாதே. நீ சொல்லு, எப்படிப்பட்டவங்க?"

"சத்தமாச் சிரிப்பாங்க."

"அப்ப இதுக்கும் சிரிப்பாங்க."

மிதுனா அதை யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். ஸ்கூட்டரிலிருந்து இறங்கினாள்.

"வெள்ளம் நின்னுட்டிருக்குது. போலாமா?" என்று குபுக்கு கேட்டது. மிதுனா அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் அருணகிரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "பாப்பாவுக்குப் படத்துல இடமில்லீங்களே" என்றவர், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, ஓரமா நிக்கட்டும்" என்றார்.

மூவரும் உள்ளே போனதும் வெள்ளம் நகர ஆரம்பித்தது. குபுக்கு ஓடிப்போய்க் கட்டையைப் பிடித்துக்கொண்டது. ஓரமாக நிற்பதற்குத் திரையில் ஓரம் எதையும் வரைந்திருக்கவில்லை. மிதுனா முழங்கால் அளவு தண்ணீரில் தடுமாறி நடந்தாள். தமயந்தி குபுக்குவை நோக்கிக் கையை நீட்டிய நேரத்தில் பின்னால் குரல் கேட்டது.

"அம்மா, என் செருப்பு போயிருச்சு."

தமயந்தி திரும்பினாள். செருப்பு மிதந்து போய்க்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் பின்னால் நடந்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர் என்பதால் தனியாகத் தெரியவில்லை. செருப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, குனிந்து மகளின் காலில் மாட்டிவிட்டாள். குபுக்கு கட்டையின் மேல் கன்னத்தை வைத்துக் காத்திருந்தது. அதற்கு அவசரம் இல்லை. பிறகு அதையும் மீட்டார்கள். இரண்டு பேரின் காதையும் துடைத்துவிட்டாள். மூன்றாவது வரிசையில் லோகநாதன் இரண்டு பாப்கார்னையும் மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் துடைத்தான்.

அடுத்த ஷோவுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டு வரலாம் என்று தமயந்தியும் லோகநாதனும் மிதுனாவும் டவுன் பஸ் ஏறினார்கள். தளி ரோடு திரும்புகிற இடத்தில் பஸ் நின்றது.

"கடல் வந்துருக்குதுங்க. பஸ் சுத்தித்தான் போகும். அவசரமில்லாதவங்க எறங்கி நின்னுட்டு வரலாம்" என்றார் கண்டக்டர்.

உடுமலையில் கடற்கரை கிடையாது; வருடத்தில் ஓரிரு நாள் கடலே ஊருக்கு வந்துவிட்டுப் போகும். லோகநாதன் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டான். பெட்ரோல் பங்க் வரைக்கும் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. மூவரும் இறங்கி, காலை நனைத்துக்கொண்டு, பஸ் ஹாரன் அடிக்கும் வரை நின்றார்கள்.