ஓடிப்போனவர்

மாமனாரின் முகத்தை நர்ஸ் துணியால் மூடியதும் யாச்சினுக்கு வந்த முதல் கவலை, இதை மாமியாரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்பதுதான். கணவன் ரயிலில் வந்துகொண்டிருந்தான். மலைக் குகைப்பாதைகளுக்குள் ரயில் புகுந்து புகுந்து வந்ததால் அவன் போன் கிடைக்கவில்லை. அவளோ வடக்கே ஹெனானில் பிறந்தவள். தெற்கே கடலோரத்து ச்சுவான்சோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில், சந்தையில் சிப்பி வாங்கவும் மாமியாரின் திட்டுக்குத் தலையாட்டவும் போதுமான அளவுக்குத்தான் இந்த ஊர்ப் பேச்சு வந்திருந்தது. மாமியார் சியோக்கிம்முக்கோ அதைவிட்டால் வேறு பேச்சு தெரியாது.

யாச்சினின் ஊரில் யாரும் செத்துப்போனார் என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். கிளம்பிவிட்டார் என்பார்கள். அந்தச் சொல்லை இந்த ஊர் உச்சரிப்புக்கு மாற்றி, வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தாள். மாமியார் நம்பாமல் மறுபடி கேட்டாள். யாச்சின் இன்னும் தெளிவாகச் சொன்னாள். அழுகைச் சத்தத்துக்குக் காத்திருந்தாள். போன் துண்டிக்கப்பட்டதுதான் மிச்சம்.

சியோக்கிம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கையில் தூக்குச்சட்டி இருந்தது. கண்டம் தப்பியவர்களுக்கு அந்த ஊரில் ஆக்கிப்போடும் மெல்லிய சேமியா, இரண்டு முட்டையோடு. கக்கத்தில் கிழவரின் செருப்பு. சிப்பிக்காரப் பெண்கள் விசேஷத்துக்குச் சூடுவதுபோலக் கொண்டையைச் சுற்றிப் புதுப்பூ வேறு.

"எந்தப் பக்கம்மா ஓடினாரு அந்த மனுஷன்?" என்றாள் மாமியார். "வெறுங்காலோடயா ஓடினாரு?"

ஓடினாரா? பக்கவாதத்தில் வலது கைகால் விழுந்து, இரண்டு வருஷமாகத் திரும்பிப் படுக்கக்கூட ஆள் தேவைப்பட்ட மனிதர்! அப்போதுதான் யாச்சினுக்குக் கணவன் எப்போதோ செய்த கேலி உறைத்தது. அவன் பள்ளிக்கூடத்தில் மொழி வாத்தியார். பழைய நூல்களில் கிளம்புவது என்கிற அந்தச் சொல்லுக்கு ஓடுவது என்றுதான் அர்த்தம், இந்த ஊர்ப் பேச்சில் இன்றும் அதுதான் என்று சொல்லியிருந்தான். "உங்க ஊர்ல ஓட்டம் தேஞ்சு நடையாச்சு, நடை தேஞ்சு கிளம்பறதாச்சு, கடைசில சாவாவும் ஆயிருச்சு. நாங்க இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கோம்." அன்றைக்கு அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். அவளுடைய கன்னம் சிவந்திருந்தது. இந்தச் சந்தோஷத்தைத் தன் வாயாலேயே கொடுத்து, தன் வாயாலேயே பிடுங்க வேண்டியிருக்கிறதே என்று யாச்சினுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. சைகையால் சொல்ல நினைத்தாள், கை எழவில்லை. செத்துப்போவதற்கான அந்தப் பச்சையான சொல் மட்டும் ஹெனானிலும் ச்சுவான்சோவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எதைச் சொல்லக் கூசித் தப்பிக்கப் பார்த்தாளோ, அதையே சொன்னாள்.

சியோக்கிம் கத்தவில்லை. உள்ளே போய்த் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். யாச்சின் திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டாள். எப்படி நேர்ந்தது இந்தத் தப்பு என்று இரண்டு பேச்சையும் கலந்து சொன்னாள். கிழவிக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பாதியிலேயே மருமகளின் முழங்காலில் கை வைத்து நிறுத்தினாள்.

"பஸ்ல வர்ற வழியெல்லாம் அவரை எப்படித் திட்டணும்னு யோசிச்சுக்கிட்டே வந்தேன்மா. ரெண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் மனசு நெறைஞ்சு இருந்துச்சு."

போன் அடித்தது. ரயில் குகையைத் தாண்டியிருக்க வேண்டும். யாச்சின் எடுப்பதற்குள் மாமியார் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.

"உங்கப்பா ஓடிட்டாருடா," என்றாள், அந்த ஊர்ப் பேச்சில், அதே சொல்லால்.

மறுமுனையில் மகனின் குரல் வெளியே கேட்கும் அளவுக்கு உயர்ந்தது. நிஜமாவா, எந்தக் காலை முதல்ல ஊன்றினார் என்று சிரித்துச் சிரித்துக் கேட்டான். யாச்சின் போனுக்குக் கை நீட்டினாள். சியோக்கிம் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அவன் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.