நாலாவது டேக்

காலை ஏழு மணிக்கே வரச்சொல்லி மாடிப்படிக்குக் கீழே உட்கார வைத்தவர்கள், பத்தரைக்குத்தான் தமிழ்மொழியைக் கூப்பிட்டார்கள். பெரம்பலூரில் தன் ஆஸ்பத்திரியின் மேல்மாடியை டிவி தொடருக்கு விட்டிருந்தார் டாக்டர் குருமூர்த்தி. ஊசி பிடிக்கவும் கேஸ் ஷீட் எழுதவும் தெரிந்த ஆள் வேண்டுமென்று படப்பிடிப்புக்காரர்கள் தேடியபோது, ஜெயங்கொண்டத்திலிருந்து அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள். முகத்தில் மாஸ்க். நாலு வருஷம் இதே மாடியில் நர்சாக நின்றவளை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

கட்டிலருகே கதாநாயக டாக்டர் நர்சின் டம்ளரிலேயே டீ குடித்துக்கொண்டு, "நீ சாப்டியா?" என்று உருகிக்கொண்டிருந்தான். தமிழ்மொழிக்குச் சிரிப்பு வந்தது. குருமூர்த்தி அவளை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய் சிஸ்டர்', அவ்வளவுதான்.

அடுத்த காட்சியில் அந்த நர்ஸ் தப்பாக ஊசி போட்டு ஒரு நோயாளி செத்துப்போகிறாள். பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் படித்து இடிந்துபோக வேண்டும். அந்த வேஷத்துக்குக் குருமூர்த்தியே ஆசைப்பட்டுப் பவுடர் பூசி உட்கார்ந்திருந்தார். அதைக் கேள்விப்பட்டுத்தான் தமிழ்மொழி வந்ததே.

"கேஸ் ஷீட் நெஜமா இருக்கணும் மேடம்," என்றார் டைரக்டர்.

நிஜமாகவே எழுதினாள். அம்மாக்கண்ணு, வயது நாற்பத்தொன்று, ஆண்டிமடம். மதியம் இரண்டு பத்துக்கு டாக்டர் குருமூர்த்தி போனில் சொன்னது: டெஸ்ட் டோஸ் வேண்டாம், ஊசியை நேராகப் போடவும்.

மூன்று வருஷத்துக்கு முன், திருச்சியில் ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து அவர் சொன்னதை இதே வார்த்தைகளில்தான் எழுதினாள். போனில் சொன்ன உத்தரவுக்கு டாக்டர் வந்ததும் கையெழுத்துப் போடுவது வழக்கம். அவர் வருவதற்குள் ஊசி ஒத்துக்கொள்ளாமல் அம்மாக்கண்ணுவின் உயிர் போயிருந்தது. "நான் எப்பம்மா சொன்னேன்?" என்றார். மறுநாள் அந்தத் தாளைக் காணவில்லை. பழி தமிழ்மொழி தலையில் விழுந்தது. அதன்பிறகு எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசற்படி ஏற்றவில்லை. அவர் செய்ததை அவர் வாயாலோ முகத்தாலோ ஒருதடவையாவது ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற வெறி மட்டும் அவளுக்குள் ஆறவே இல்லை.

முதல் மூன்று டேக்கிலும் குருமூர்த்தி, பழக்க தோஷம், ஒரு வரிகூடப் படிக்காமல் அடியில் கையெழுத்தைக் கிறுக்கினார்.

"சார், படிக்கிற மாதிரியே தெரியல," டைரக்டர் சலித்துக்கொண்டார்.

"கண்ணு மேலேர்ந்து கீழ வரணுங்க சார்," என்றாள் தமிழ்மொழி. "படிச்சாத்தான் வரும்."

நாலாவது டேக்கில் படித்தார். பேனா பாதியில் நின்றது. பவுடரையும் மீறி முகம் வெளுத்து, உதடு துடித்தது. நிமிர்ந்து பார்த்தார். கேமராவுக்குப் பின்னால் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு நின்றாள் தமிழ்மொழி.

"நல்லாப் பாருடா," என்று மனசுக்குள் சொன்னாள்.

"சூப்பர் சார்! கட்!" டைரக்டர் கைதட்டினார். குருமூர்த்தி தாளை நாலாக மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். இந்தத் தடவை தாள் போனால் போகட்டும் என்று நினைத்தாள். அந்த முகம் ஊரெல்லாம் தெரியப்போகிறதே, அது போதும். பஸ்ஸில் ஊர் வரும்வரை அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தக் காட்சி தொடரில் வந்தது. இப்போது அவள் வேலை செய்யும் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் எட்டுப் பெண்களையும் கூட்டி வைத்துத் தன் போனைத் தகர டப்பாமேல் சாய்த்து வைத்தாள். தாளில் எழுதியது ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை. பிறகு முகம். அதே வெளுப்பு, அதே உதட்டுத் துடிப்பு. பின்னால் வயலின் அழுதது. நர்ஸ் ஓடிவந்து காலில் விழுந்து, "என் தப்புதான் சார்," என்று கதறினாள். அவர் தோளைத் தொட்டுத் தூக்கி மன்னித்தார்.

அவர்களில் ஒருத்தியான இருசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"படுபாவி சிறுக்கி, ஒரு உசுர எடுத்துட்டு நிக்கிறா பாரு. அந்த மனுசன் மொவத்தப் பாருடி, நடிக்கிற மாதிரியா இருக்கு? நெசமாவே வெந்து போறாரு."

மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். தமிழ்மொழி வாய் திறப்பதற்குள் இருசம்மாள் அவள் முழங்கையைத் தொட்டாள்.

"ஏ தமிழு, அவரு மொவம் வருதே, அந்த எடத்த இன்னொருவாட்டி வையேன்."

முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அவள் வைத்தாள். எட்டுப் பேரும் குருமூர்த்திக்காக மறுபடி அழுதார்கள்.