மச்சான் என்னும் இரண்டாவது இயந்திரம்

ஜெராக்ஸ் கடைக்காரரின் மச்சான் தலையில் அடையாள அட்டைகளுக்கு லேமினேஷன் போட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. கடையின் லேமினேஷன் மெஷின் முந்தைய வாரமே கெட்டுப்போயிருந்தது. மச்சானின் உச்சந்தலையில் கைக்குட்டையை விரித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட அட்டையை அதன்மேல் அழுத்தி முப்பது எண்ணினால் போதும். ஓரத்தில் குமிழி விழாது. மெஷினில் விழும்.

இதற்கெல்லாம் காரணம், கடைக்காரருக்குச் சும்மா கிடக்கும் எதையும் கண்டால் ஆகாது. ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளைப் பார்த்தால்கூட அவருக்கு வயிறு எரியும். அப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் மனைவியின் தம்பி, இரண்டு நாளில் போய்விடுவதாகச் சொல்லி ஒரு பெட்டியோடு வந்து நான்கு வருடமாகத் தங்கியிருந்தான். காலையில் கடைக்கு வருவான், வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்காருவான், கடை சாத்தும்போது எழுந்திருப்பான். வேலைக்குப் போகமாட்டேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் கடல் கடந்த ஓர் ஊரில் சில கணக்கு வாத்தியார்கள் இருநூற்றுப் பதினொரு இலக்க எண் ஒன்றை உடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டரால் ஆகிற காரியமில்லை என்பதால், உலகமெங்கும் சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்களின் ஓய்வு நேரத்தை இரவல் கேட்டார்கள். சேர்ந்தவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கணக்கு வரும், போட்டு அனுப்ப வேண்டும். கூலி கிடையாது, பட்டியலில் பெயர் வரும். கடைக்காரர் அன்றே சேர்ந்தார். படிவத்தில், ‘உங்கள் இடத்தில் சும்மா இருக்கும் இயந்திரங்கள் எத்தனை?’ என்ற கேள்வி வந்தபோது அவர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு என்று போட்டார். முதலாவதன் பெயர் ‘கடை’. இரண்டாவதன் பெயர் ‘மச்சான்’. ஒரு நாளில் சராசரி ஓய்வு எவ்வளவு என்ற கட்டத்தில் இருபத்து நான்கு மணி நேரம் என்று எழுதினார். ஆத்திரத்தில் செய்ததுதான். ஆனால் படிவத்துக்கு ஆத்திரம் எது, தகவல் எது என்று தெரியாது.

மூன்றாம் நாள் மச்சானின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. தலை கொதித்தது.

“என்னடா முணுமுணுக்கிற?” என்று அக்கா கேட்டார்.

“தெரியலக்கா. எதையோ வகுத்துக்கிட்டே இருக்கேன். மீதி வந்துக்கிட்டே இருக்கு.”

கடைக் கம்ப்யூட்டரை யாராவது தொட்டால் கணக்கு நின்றுவிடும். நாளெல்லாம் யாராவது தொட்டார்கள். மச்சானை லேமினேஷனுக்குத் தவிர யாரும் தொடவில்லை. மூன்று மாதத்தில் பட்டியலில் ‘கடை’ நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறாவது இடத்திலும், ‘மச்சான்’ ஒன்பதாவது இடத்திலும் இருந்தன. மேலே இருந்த எட்டும் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள். மச்சான் எந்த மாடல், எங்கே கிடைக்கும், சூட்டைத் தணிக்க என்ன செய்கிறீர்கள் என்று வாத்தியார்கள் மரியாதையாக விசாரித்து எழுதினார்கள். கடைக்காரர் அதை அச்செடுத்துப் படித்துவிட்டுக் கசக்கிப் போட்டார். அவர் மனைவி குப்பையிலிருந்து எடுத்து நீவி, தம்பி தலையிலேயே லேமினேஷன் போட்டுச் சுவரில் மாட்டினார். தம்பியை மதித்து நாலு வார்த்தை யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. மாட்டும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “காலையிலேருந்து நின்னு சாகுறவன் நானு. உக்காந்திருக்கிறவனுக்கு ஒன்பதாவது இடமா?” என்றவர், மச்சான் ஒண்ணாந்தேதி பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர வேண்டும், இல்லையென்றால் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டார். மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினார். மச்சான் கிடங்குக்குப் போனான். பெட்டிகளைத் தூக்கத் தூக்க முதல் நாள் மதியத்துக்குள் தலை ஆறிப்போனது. பட்டியலில் முந்நூறுக்கும் கீழே இறங்கினான்.

எட்டாம் நாள் ஒரு கடிதம் வந்தது. மச்சானிடமிருந்து பதிலே இல்லை, பழுதா? நல்ல துண்டு ஒன்று அதனிடம் பாதியில் நிற்கிறது. சரிசெய்ய முடியாதென்றால் சொல்லுங்கள், நீக்கிவிடுகிறோம். கீழே இரண்டு கட்டங்கள்: நீக்கலாம், நீக்க வேண்டாம். நான்கு வருடமாக மனதுக்குள் அழுத்திக்கொண்டிருந்த முதல் கட்டத்துக்குக் கையைக் கொண்டுபோன கடைக்காரர், திரும்பிப் பார்த்தார். பெஞ்சு சும்மா கிடந்தது. காத்திருந்த நாலு பேரும் அவன் இடத்தைக் காலியாக விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்குத் தாங்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக வேலை நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிடங்குக்கு நடந்தார்.

“கிளம்பு மச்சான்.”

“ஷிப்ட் முடியலையே மாமா.”

“உன் வேலை அங்க பாதியில கிடக்குடா.”

மறுபடி பெஞ்சில் உட்கார்ந்த மூன்றாம் நாள், மாலை நாலு மணிக்கு, மச்சான் அறுபத்தெட்டு இலக்கங்களை வரிசையாகச் சொன்னான். கடைக்காரர் வீணான தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். நாற்பதாவது இலக்கத்துக்கும் நாற்பத்தொன்றாவதுக்கும் நடுவில் ஒரு கொட்டாவி வந்தது. அந்த இடத்தில் எதுவும் விடுபடவில்லை என்று வாத்தியார்கள் பிறகு உறுதி செய்தார்கள். எண் உடைந்துவிட்டது. அன்று இரவு வீட்டில் அக்கா தம்பியின் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினார்.

இப்போது இருநூற்று இருபத்து மூன்று இலக்க எண் ஒன்று நடக்கிறது. லேமினேஷன் மெஷினை யாரும் பழுது பார்க்கவில்லை. தினமும் நாலிலிருந்து ஐந்து வரை கடைக்காரரும் பெஞ்சில் மச்சான் பக்கத்தில் உட்காருகிறார். முதல் மாதம் அவருக்கு ஒன்றும் வரவில்லை, தாள்களை அடுக்க எழுந்து எழுந்து போனார். இப்போது தலை வெதுவெதுப்பாகிறது. லேமினேஷனுக்குக் காணாது, டீயை வைத்தால் ஆறாமல் இருக்கும். அவர் மனைவி பார்த்துவிட்டு மூன்றாவது இயந்திரத்தையும் பதிவு செய்தார்: பெயர் ‘மாமா’, ஓய்வு ஒரு மணி நேரம். பட்டியலில் அது ‘கடை’க்கு ஒரு படி மேலே இருக்கிறது.