சிக்ரூனை மெதுவாகப் பேசவைக்கும் பெட்டி

1

“அது அவ குரலே இல்லைன்னா இல்லை. எத்தனை தடவை சொல்றது?”

“அப்ப யார் குரலாம்?”

“உன் குரல்.”

“என் குரல்ல என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்லை. பொறியில மாட்டின எலிக்கு இருக்க வேண்டிய குரல் உனக்கு வந்துருச்சு, அவ்வளவுதான். அந்த வயரைப் பிடி.”

“பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். இது நிஜமாவே அமெரிக்காப் பெட்டியா?”

“பின்னாடி எழுதியிருக்கு, படிச்சுப் பாரு.”

“கண்ணாடி கார்ல இருக்கு.”

“கண்ணாடியைக் கார்ல வச்சுட்டு சந்தைக்கு எதுக்கு வந்தே?”

“வாஃபிள் தின்ன.”

இந்தக் கதையில் நான் காதால் கேட்டது இவ்வளவுதான். எங்கள் ஊரான ஸ்டவாங்கரில், என் அக்கா மகள் கிளாரினெட் வாசிக்கும் பள்ளி பேண்டுக்குப் பணம் சேர்ப்பதற்காக, உடற்பயிற்சிக் கூடத்தில் பழைய சாமான் சந்தை போட்டிருந்தார்கள். மின்சாதனங்கள் இருந்த மேசைக்குப் பின்னால் நான் நின்றேன். எழுபது தாண்டிய ஒருவனும், அவனைவிடக் கொஞ்சம் மூத்தவளாகத் தெரிந்த ஒருத்தியும், எண்ணெய்க் கம்பெனி வேலை முடிந்து ஊர் திரும்பிய யாரோ அமெரிக்கர்கள் விட்டுப்போன டிவிடி பிளேயரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். வாங்கினார்கள். மழையில் போனார்கள்.

(எழுபது வயதுக்காரனை ‘அவன்’ என்கிறேனே என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் மருத்துவரையும் மேயரையும்கூட ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறோம். ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு பேரும் என்னைவிட்டு விலகிப்போய் உட்கார்ந்துகொண்டார்கள்.)

மற்றதெல்லாம் என் சரக்கு. அவனுக்கு டோர்லைவ் என்றும் அவளுக்கு குன்வோர் என்றும் பெயர் வைத்தவன் நான். குன்வோரை அவன் மனைவியின் அக்காவாக ஆக்கியவனும் நான். அவர்கள் பேச்சில் வந்த அந்த ‘அவ’ இருக்கிறாளே, அவளுக்கு சிக்ரூன் என்று பெயர் வைத்து, வைத்த கையோடு சாகடித்தும்விட்டேன். நிஜத்தில் அந்த அம்மாள் காரில் உட்கார்ந்து, இவர்களை இன்னும் காணோமே என்று முனகிக்கொண்டிருந்திருக்கலாம். அப்படி இருந்தால் ரொம்ப நல்லது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: “சிக்ரூன் போன பிறகு வீட்டின் சத்தங்கள் எல்லாம்—” இங்கேயே நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் கதைகள் பலவற்றை நானே பேருந்தில் மூடி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது: “டிவிடி விற்பவர்கள் உலகத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா முதல் மண்டலம், நாம் இரண்டாவது. ஒரு மண்டலத்து டிவிடியை இன்னொரு மண்டலத்துப் பெட்டி ஓட்டாது. ஆகவே—” இது கதையில்லை, பெட்டியோடு வரும் கையேடு. ஆனால் இது தெரியாமல் நீங்கள் மேலே போக முடியாது என்பதால் அழிக்கவில்லை.

மூன்றாவது: “தன் குரல் பிடிக்காதவர்கள் குறைவாகப் பேசுவார்கள் என்று நினைக்கிறோம். குன்வோர் அதற்கு நேர்மாறு.”

இதை வைத்துக்கொண்டேன்.

குன்வோரின் தங்கை சிக்ரூன், ஃபியோர்டு என்னும் கடற்கழியைக் கடக்கும் படகில் சிற்றுண்டிக் கடை நடத்தினாள். அதே படகின் அடித்தளத்தில், இயந்திர அறையில் டோர்லைவுக்கு வேலை. ஒரு கோடையில் அமெரிக்காவிலிருந்து ஒருத்தி வந்து அந்தப் படகைப் பற்றி ஆவணப்படம் எடுத்தாள். அதில் நாலு நிமிஷம் சிக்ரூன் வருகிறாள். வாஃபிள் ஊற்றுகிறாள், பேசுகிறாள். இங்கே தொலைக்காட்சியிலும் அது வந்தது. டிவிடியாகவும் விற்றார்கள். சிக்ரூன் இறந்து இரண்டு வருஷமாக டோர்லைவ் அந்த டிவிடியைத்தான் போட்டுப் போட்டுக் கேட்கிறான். கேட்டுவிட்டுத் திட்டுகிறான்.

அவன் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. சினிமாச் சுருள் வினாடிக்கு இருபத்துநாலு படமாக ஓடும். நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு இருபத்தைந்து வேண்டும். ஒரு படத்துக்காக யார் மெனக்கெடுவது, கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவோம் என்று அந்தக் காலத்தில் முடிவுசெய்துவிட்டார்கள். அதனால் அந்த டிவிடியில் எல்லோரும் கொஞ்சம் அவசரமாகப் பேசுகிறார்கள். குரல் ஏறக்குறைய அரைச் சுருதி ஏறியிருக்கிறது.* யாருக்கும் தெரியாது. இயந்திரம் லேசாகச் சுருதி மாறினாலும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடும் ஒரு கணவனுக்குத் தெரியும்.

படமெடுத்த அமெரிக்கக்காரி, சாவு செய்தி கேட்டு, தன் ஊரில் வெளியான டிவிடியை அனுப்பிவைத்தாள். அது இருபத்துநாலு. அதில் சிக்ரூன் சிக்ரூனாகப் பேசுவாள். வீட்டுப் பெட்டி அதை வாங்கிக்கொண்டு, ‘தவறான மண்டலம்’ என்று திரையில் காட்டிவிட்டுத் துப்பிவிட்டது.

* இந்த ஏற்றத்திலிருந்து ஒரு சொல் மட்டும் தப்பித்தது. எங்கள் ஊரில் ‘ஆமாம்’ என்பதை மூச்சை உள்ளே இழுத்தபடி, கிட்டத்தட்டச் சத்தமே இல்லாமல் “யா” என்று சொல்வோம். அதற்குச் சுருதி கிடையாது. படத்தில் சிக்ரூன் அப்படி ஒரு தடவை சொல்கிறாள். சில நாட்களில் டோர்லைவ் அதை மட்டும் போட்டுக் கேட்பான்.

3

“சொருகு.”

“இரு, கிழவா. அமெரிக்காக் கரண்டு வேற, நம்ம கரண்டு வேறன்னு சொல்வாங்களே.”

“முனைக்கு மாத்துக்கட்டை வாங்கியாச்சு. உள்ள போகுது பாரு. போச்சுன்னா சரியாத்தானே இருக்கணும்?”

படகு இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டியவன் இப்படிப் பேசுவானா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. அவசரத்தில் இருப்பவன் பேசுவான் என்று முடிவுசெய்தேன்.

சொருகினான். பெட்டிக்குள் யாரோ விரலைச் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம். பின்பக்கத் துளைகளிலிருந்து மெல்லிய புகை எழுந்து, கருகிய பிளாஸ்டிக் வாடை சமையலறை முழுக்கப் பரவியது.

குன்வோர் ஜன்னலைத் திறந்தாள். “உன் அமெரிக்கா போயிருச்சு” என்றாள். அவன் மேசைக்கு முன் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

“போன வாரம் கனவுல வந்தா.”

“என்ன சொன்னா?”

“என்ன சொன்னாங்கறது நினைவில்லை. எந்தக் குரல்ல சொன்னாங்கறதுதான் விஷயம்.” ஜன்னல் பக்கம் பார்த்தான். “டிவியில வர்ற குரல்ல சொன்னா.”

குன்வோர் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

“இன்னும் கொஞ்ச நாள் இதையே கேட்டேன்னா, இதுதான் நிக்கும். அவளோடது போயிரும்.”

“அப்ப கேக்காதே.”

“கேக்காம எப்படி இருக்கறது?”

4

இந்த இடத்தில் குன்வோரை நான் சந்தேகப்பட்டேன். வேறொரு பெட்டிக்காக, மழையில் இவனோடு கடை கடையாக ஏன் அலைகிறாள்?

காதல் என்று ஒரு பத்தி எழுதினேன். குன்வோர் படித்திருந்தால் என் மண்டையில் போட்டிருப்பாள். அழித்துவிட்டேன்.

பிறகு வியாழக்கிழமைகளைக் கண்டுபிடித்தேன். வியாழன்தோறும் டோர்லைவ் அவள் வீட்டுக்கு மீன் சூப் குடிக்க வருவான். குடித்துவிட்டு சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வான். குன்வோர் பேசிக்கொண்டே இருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி போட்ட வேலி, நகராட்சி, முட்டி வலி. ‘தூங்கறியா?’ என்றால், ‘இல்லை, பேசு’ என்பான். இவள் பேச்சு அவனுக்குத் தூக்க மாத்திரை என்றே இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

சிறுமிகளாக இருந்தபோது தேவாலயப் பாட்டுக் குழுவில் சிக்ரூனை முன்வரிசையில் நிறுத்துவார்கள். குன்வோரிடம், நீ வாயை மட்டும் அசைத்தால் போதும் என்பார்கள். யாரும் ஒருத்தி குரலை மற்றவள் குரல் என்று மயங்கியதில்லை. இப்போது ஏதோ ஒரு எந்திரம், செத்துப்போன தங்கையை அரைச் சுருதி ஏற்றி, அக்காவின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. சந்தையில் டோர்லைவ் ‘உன் குரல்’ என்று சொன்னபோது குன்வோர் சிரித்தாள். அன்று குளிக்கும்போது, ஷவரை மூடிவிட்டு, படத்தில் வரும் ‘அடுத்தது யாரு?’ என்பதைத் தங்கை மாதிரி சொல்லிப் பார்த்தாள். கிட்டத்தட்ட டிவிடியில் இருப்பது போலவே இருந்தது.

வியாழக்கிழமை அவன் எதைக் கேட்க வருகிறான் என்று அப்போதுதான் புரிந்தது.

நிஜக் குரல் கிடைத்துவிட்டால் அவன் சூப்புக்கு வருவானோ மாட்டானோ. இருந்தும் தேடினாள். இதற்குமேல் அவளை எனக்கு விளக்கத் தெரியவில்லை. விளக்காமல் நம்ப முடிகிறது.

5

பெட்டியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ரொம்பக் காலமாக ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு முதியவரை, காதில் சொருகிய ஸ்க்ரூடிரைவர் சகிதம், மூன்று பக்கத்துக்கு எழுதினேன். வேறு பல கதைகளில் நடந்து களைத்த கால்களோடு வந்து நின்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்குப் பதில் குன்வோர் ஒரு கடைக்குத் தொலைபேசி போட்டாள். சலித்துப்போன ஒரு பெண் எடுத்தாள்.

“எல்லா நாட்டு டிவிடியும் ஓடணுமா? விலை கூடினது ஓட்டாது. பேர் தெரியாத கம்பெனி, மளிகைக் கடையில, பெட்ரோல் பங்க்ல எல்லாம் வித்தாங்களே, அந்த மட்டமான பெட்டிதான் எதைப் போட்டாலும் ஓடும்.”

“அது உன்கிட்ட இருக்கா?”

“இப்ப யாருமே விக்கறதில்லை. வீட்டுல தேடிப் பாரு.”

குன்வோர் தொலைபேசியை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது.

“சிக்ரூன் ஒரு தடவை பெட்ரோல் பங்க்ல ஒண்ணு வாங்கினாளே.”

“அந்தக் குப்பையா?” என்றான் பக்கத்தில் இருந்த டோர்லைவ். “வீட்டுக்குள்ள கொண்டுவராதேன்னுட்டேன்.”

“அப்புறம் எங்க போச்சு?”

அதற்குப் பதில் தேவையில்லை. வீட்டில் இடமில்லாத எதுவும் இங்கே ஒரே இடத்துக்குத்தான் போகும். விடுமுறைக்குப் போகும் மலை வீட்டுக்கு. கிழிந்த சோபா, பொருந்தாத கோப்பைகள், யாருக்கும் பிடிக்காத திரைச்சீலை. இரண்டு வருஷமாக டோர்லைவ் சீர்டாலில் இருந்த அந்த மலை வீட்டைத் திறக்கவில்லை. தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தான்.

“குழாய்ல ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும்” என்றாள் குன்வோர். “கம்பளிக் காலுறை எடுத்துக்கோ.”

6

முடிவுகள் என்னிடம் இருந்தன.

(அ) பெட்டி ஓடவில்லை. இருவரும் சிரிக்கிறார்கள். பனி பெய்கிறது. — பனி பெய்தால் கதை முடிந்துவிட்டதாக நம்பும் வயதை நான் போன வருஷம்தான் தாண்டினேன்.

(ஆ) பெட்டி ஓடுகிறது. நிஜக் குரலைக் கேட்டு டோர்லைவ், ‘இது யாரு?’ என்கிறான். — எழுதி முடித்து ஒரு நாள் முழுக்கப் பெருமையாக இருந்தது. மறுநாள் அவன் முகத்தை நினைத்துப் பார்த்தேன். என்னால் அவனுக்கு அதைச் செய்ய முடியவில்லை.

(இ) வித்தியாசமே தெரியவில்லை, அவனுக்குக் காது போய்விட்டிருக்கிறது, குன்வோர் அதை—

இல்லை.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். நடக்கவேயில்லை என்பது உங்களுக்கும் தெரியும், பரவாயில்லை. நான் எங்கே நிறுத்துகிறேனோ அங்கிருந்து இவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள். இருவரும் பிடிவாதக்காரர்கள், கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

மலை வீட்டில் அடுப்பு பற்றிக்கொள்ள நேரம் பிடித்தது. பெட்டி அலமாரியின் மேல்தட்டில், சமையலறைத் துண்டு போர்த்தி இருந்தது. கையில் எடுத்தால் அட்டை மாதிரி எடையே இல்லை. பழைய தடித்த டிவியோடு குன்வோர் அதை இணைத்தாள். டோர்லைவ் அமெரிக்க டிவிடியை வைத்தான். பெட்டி யோசித்தது. எந்த நாட்டுக்காரன் என்று கேட்காமல் ஓட ஆரம்பித்தது.

அமெரிக்க டிவிடியின் நிறம் நம் ஊர்ப் பழைய டிவிக்குப் புரியவில்லை, படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. சிக்ரூனின் சிவப்பு ஏப்ரன் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. கரண்டியால் மாவை அள்ளினாள், பேசினாள்.

குன்வோருக்கு முதலில் ஏமாற்றம்தான். இவ்வளவு கொஞ்சம் வித்தியாசத்துக்கா? பிறகு சிக்ரூன் ஒரு வாக்கியத்தின் கடைசியில் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் நிறுத்தி, அடுத்த வாக்கியத்தை எடுத்தாள். அந்த நிறுத்தம். பழைய டிவிடியில் அந்த இடம் சுருங்கிப் போயிருந்தது. இந்த நிறுத்தத்துக்குள் புகுந்துதான் வாழ்நாள் முழுக்கத் தங்கையின் பேச்சைக் குன்வோர் வெட்டினாள். இப்போதும் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டாள்.

அவன் இரண்டாம் முறை போட்டான். மூன்றாம் முறை போட்டான். பிறகு நிறுத்தினான்.

“அவதான்” என்றான்.

“ம்.”

“அவளேதான்.”

“கேட்டுட்டேதானே இருக்கேன்.”

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. அவன் எழுந்து அதைச் சரிசெய்தான். திரும்பி வந்து உட்காரவில்லை, அடுப்புப் பக்கமே நின்றான்.

“ஒண்ணு கவனிச்சியா? கேப்டனைப் பேர் சொல்லிக் கூப்பிடறா. டிக்கெட் கிழிக்கிறவனைக் கூப்பிடறா. யாரோட நாயோ, அதுக்கும் ஒரு பேரு.”

“நீ கீழ எஞ்சின்ல இருந்தே.”

“ஆமா. கீழதான் இருந்தேன்.” சட்டையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டான். “அத்தனை வருஷம் என்னையும் கூப்பிட்டா. ஒரு தடவையைக்கூட யாரும் பிடிச்சு வைக்கலை.”

டிவித் திரையில் சிக்ரூன் கரண்டியோடு அசையாமல் நின்றாள்.

“குன்வோர்.”

“என்ன?”

அவன் அவளைப் பார்க்கவில்லை. அடுப்பின் சின்னக் கதவை மூடி, தாழ்ப்பாளைப் போட்டான்.

“நீ ஒரு தடவை என் பேரைச் சொல்லேன். கொஞ்சம் சுருதி இறக்கி.”